எட்டரை மணி வரை குளிர்காலம்

சென்னையில் குளிர்காலமே கிடையாது என்று சொல்பவர்கள் எல்லாரும் எட்டு மணிக்கு மேல் எழுந்திருப்பவர்கள். சண்டைக்காகச் சொல்லவில்லை, ராயபுரத்துக்காரன் என்ற முறையில் சொல்கிறேன். மார்கழி பிறந்ததிலிருந்து தை பாதி வரை எங்கள் பக்கத்தில் தினமும் ஒரு குளிர்காலம் வருகிறது. நடுராத்திரிக்கு மேல் தொடங்கி, காலை எட்டரை மணிவாக்கில் முடிந்துவிடும். அதற்குள் நடந்தால்தான் உண்டு.

நடுங்கும் அளவுக்கெல்லாம் இல்லை. ஜனவரி விடியலில் 20, 21 டிகிரி இருக்கும். நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்துப் பதிவேட்டில் இருக்கும் ஆகக் குறைந்த அளவே 13.9 டிகிரிதான், அதுவும் நூறு வருடத்துக்கு முந்திய கதை. ஆனால் உடம்பு பதிவேட்டைப் பார்த்தா குளிர்கிறது? வருடம் முழுக்க வேர்த்துக்கொண்டே இருக்கிற உடம்புக்கு 20 டிகிரி என்றால் ஸ்வெட்டர்தான். கல்மண்டபம் கடைவாசல்களில் டிசம்பர் வந்ததும் மங்கி குல்லாக்கள் தொங்க ஆரம்பித்துவிடும். அதைப் பார்த்துச் சிரிப்பவர்களும் காதை மூடிக்கொண்டுதான் டீக்கடைக்கு வருவார்கள்.

என் சித்தி மகள் பின்லாந்தில் இருக்கிறாள். அங்கே டிசம்பரில் ஒன்பது மணிக்கு மேல்தான் விடிகிறது. மூணேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் பனி மூடிய காட்டுப் பாதையில் நடந்ததை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள். மைனஸ் பதினைந்தில் பனி காலுக்கடியில் கீச்சுக் கீச்சென்று கத்துமாம். கொஞ்சம் உருகி மறுபடி உறைந்துவிட்டால் வழுக்கும். அதற்கென்று அடியில் முள் வைத்த ரப்பர் உறையை ஷூவின் மேல் மாட்டிக்கொள்வார்களாம். மாமாவிடம் காட்டினேன். முழுவதையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி அவ்ளோ தூரம் போவணுமா? ஞாயித்துக்கிழம வா, எண்ணூர் வரைக்கும் நடந்துடலாம்" என்றார்.

மாமா எழுபதைத் தொடப்போகிறார். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ராயபுரத்திலிருந்து வேலைக்கு சைக்கிளில் போய் வந்த கால்கள். அவரோடு நடப்பதில் ஒரே கஷ்டம், நாம் நிற்க வேண்டும் என்று நினைக்கும் இடத்தில் நிற்க மாட்டார். யாருமே நிற்காத இடத்தில் நின்றுவிடுவார்.

ராயபுரம் ரயில் நிலையத்தைத் தாண்டும்போது நாலேகால் இருக்கும். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது இங்கிருந்துதான். அந்தப் பழைய கட்டடமும் பெரிய பெரிய தூண்களும் இன்னும் நிற்கின்றன. பகலில் பார்த்தால் லாரிகளுக்கும் தூசிக்கும் நடுவில் யாரும் கவனிக்காத கட்டடம். அந்த நேரத்தில் தெருவிளக்கு வெளிச்சம் தூண்களில் மட்டும் விழுந்து, இந்த ஊருக்குக் கொஞ்சம் அதிகப்படியான கட்டடம் மாதிரி தெரிந்தது. மாமா இங்கே நிற்கவில்லை.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை விடியலில் காசிமேட்டில் யாருமே சும்மா நிற்க முடியாது, ஒதுங்கி நிற்கக்கூட இடம் இருக்காது. ஏலம் போடுகிறவர்கள், கூடை தூக்குகிறவர்கள், நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து காரில் வந்து வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவர்கள். மாமாவுக்கு மீன் வேண்டாம். ஐஸ் பார்க்கத்தான் நின்றார்.

லாரியிலிருந்து பாளம் பாளமாக ஐஸ் இறங்கும். ஒருவர் கொக்கி மாட்டி இழுத்து வந்து அரைக்கிற மெஷினின் வாயில் தள்ளுவார். உள்ளே விழுந்ததும் எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். மறுபக்கம் குழாய் வழியாகத் தூளாகி விசைப்படகின் அடியறைக்குள் பாயும். உள்ளே நின்று வாங்குகிற பையன் லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு சுற்றியிருந்தான். அவன் புருவத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. விளக்கடியில் ஐஸிலிருந்து புகை எழுந்து படகின் விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. சிதறியதெல்லாம் மீன் தண்ணீரோடு கலந்து தரை முழுக்கச் சாம்பல் நிறச் சேறு. மாமா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அதன் மேலேயே நடந்தார்.

"ஏன் மாமா?"

"செருப்பு வழுக்கும் மாப்ளே. வெறுங்கால்னா பிடிப்பு இருக்கும். உங்க சித்தி பொண்ணுக்குச் சொல்லு, முள்ளுல்லாம் வேணாம்னு."

நானும் கழற்றினேன். கால் விறைத்துப்போனது. பத்தடிதான் நடந்திருப்பேன், கட்டைவிரல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். அதைக் கவனித்துவிட்டு ஒரு ஆயா சிரித்தார். சங்கராவும் கானாங்கெளுத்தியும் கூறு கட்டி வைத்திருந்தார். கூறுக்குக் கூறு கை நிறைய ஐஸை அள்ளிப் போட்டு, அப்படியே உள்ளங்கையால் தட்டிவிடுவார். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"எங்கப்பா போறீங்க, காலங்காத்தால ரெண்டு பேரும்?"

"எண்ணூருக்கு ஆயா."

"மீனு வாங்கவா?"

"இல்ல, சும்மா. நடந்து."

ஆயா மாமாவைப் பார்த்தார். "இன்னா நைனா, பஸ்ஸு ஓடலியா?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. 

அந்த ஐஸைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு ஐஸ் ஞாபகம் வரும். மெரினாவில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அது ஐஸ் வைக்கக் கட்டிய வீடு. ஃபிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி 1842-ல் கட்டியது. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்ததும், குதிரைகளைப் பூட்டி உழுவதுபோல் ஐஸில் கோடு போட்டு, கட்டிகளாக அறுத்து, மரத்தூளில் பொதித்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்தார்கள். வழியில் ஒரு பங்கு உருகிப்போனாலும் மிச்சமே லாபம் தந்தது. அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகள்தான் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை இறக்கும். அந்தப் படகோட்டிகளில் ஒரு பகுதியினர் எங்கள் ராயபுரத்துக்காரர்கள். இங்கே இருக்கும் ராயப்பர் தேவாலயத்தை அவர்கள்தான் கட்டினார்கள். வெள்ளைக்காரத் துரையின் கோப்பைக்குள் போவதற்கு முன்னால், மாசசூசெட்ஸ் ஏரியின் குளிர்காலம் அவர்கள் தோளில் கொஞ்சம் சொட்டியிருக்கும். பனியைப் பார்க்காத ஊர் என்று எங்களைச் சொல்லிவிட முடியாது.

ஐஸ் குவியலுக்கு மேல் கடல்காக்கைகள் சுற்றிக்கொண்டிருந்தன. எங்கள் பக்கம் குளிர்காலத்தில் அதிகம் வருவது பழுப்புத்தலைக் கடல்காக்கை. பனி உருகும் பருவத்தில் திபெத், லடாக் மேட்டுநில ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே உறையத் தொடங்கியதும் இங்கே வந்து மீன் குடலுக்கு அடித்துக்கொள்கிறது. பெயரில்தான் பழுப்புத் தலை; இங்கே இருக்கும் மாதங்களில் தலை வெளுத்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் இருக்கும்.

காசிமேட்டைத் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் ஏறினால் வலது கைப்பக்கம் கடல், இடது கைப்பக்கம் கன்டெய்னர் லாரிகள். இதைக் கிராமப்புறம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நடப்பதற்கு ஏற்ற சாலை என்றும் நான் பொய் சொல்லப்போவதில்லை. டிரைவர்கள் வரிசையில் வண்டியை நிறுத்திவிட்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டியைக் கொளுத்திக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் தெலுங்கில் ஏதோ கேட்டார். மாமா தெலுங்கிலேயே பதில் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் கையை நீட்டித் தீயில் காட்டிவிட்டு வந்தார். சைக்கிளில் சுக்குக் காபி விற்பவர் லாரி லாரியாக நின்று நின்று போனார். நாங்களும் ஆளுக்கு ஒன்று குடித்தோம். பனைவெல்லம் கொஞ்சம் தூக்கல்.

வலது கைப்பக்கம் கடல் என்று சொன்னேன், ஆனால் மணல் கிடையாது. சாலைக்கும் அலைக்கும் நடுவில் ஆள் உயரப் பாறாங்கற்கள்தான். மெரினாவில் அலையைத் தொட நடந்து நடந்து கால் ஓய்ந்துபோகிறது. எங்களுக்குச் சாலையில் நின்றாலே முகத்தில் தெறிக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். இந்தக் கடலோரத்தில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும். 1870-களில் துறைமுகச் சுவரைக் கடலுக்குள் நீட்டியதும் மணல் அதில் முட்டி நின்றுவிட்டது. சுவருக்குத் தெற்கே குவிந்தது மெரினா ஆனது. வடக்கே வரவேண்டியது வரவில்லை. ஆனால் இங்கிருந்த மணலை அலை எடுத்துப்போவது மட்டும் நிற்கவில்லை. உலகத்தின் நீளமான கடற்கரைகளில் ஒன்று என்று பெருமைப்படும்போது, அதில் பாதி எங்கள் வீட்டு வாசல் மணல் என்பதையும் ஒரு வரி சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

மாமாவின் பெரியம்மா வீடு இந்தக் கடலோரத்தில்தான் இருந்தது. எங்கே என்று கேட்டேன். கல்லுக்கு அந்தப் பக்கம், அலை உடைகிற இடத்தைக் காட்டினார். "அதோ, அங்க வாசல். அதுக்கும் அப்பால ஒரு தெரு இருந்துச்சு, மாதா கெபி இருந்துச்சு." இருட்டில் நுரை மட்டும்தான் தெரிந்தது. இப்போது கடலுக்குள் கல்லைக் கொட்டி நீட்டும் தூண்டில் வளைவு போட்டு அங்கங்கே கொஞ்சம் மணலைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அதில் ஃபைபர் படகுகளை ஏற்றி வைத்து, அதன் நிழலில் வலை பின்னுகிறார்கள். ஒரு வளைவில் மணல் சேர்ந்தால் அடுத்த குப்பத்தில் அரிக்கும். பிறகு அங்கே ஒன்று போட வேண்டும். இப்படியே வடக்கே போய்க்கொண்டிருக்கிறது.

திருவொற்றியூருக்குள் நுழையும்போது ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு உச்சத்தில் இருந்தது. சன்னதித் தெருவில் கோலம் போட்டு முடித்துவிட்டு, சாணி உருண்டையில் பூசணிப் பூ செருகிக்கொண்டிருந்தார்கள். இங்கே சிவன் கோயிலில் மூலவர் புற்று வடிவம். வருடம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பவரை கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும்தான் கவசமில்லாமல் பார்க்க முடியும். அது முடிந்துவிட்டது. மார்கழியில் வந்தால் தொன்னையில் சுடச்சுட வெண்பொங்கல் கிடைக்கும். எனக்கு இந்த ஏற்பாடு சரியாகத்தான் படுகிறது.

இந்தக் கோயிலுக்கு நடந்து வருவது பழைய வழக்கம். ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் வளர்ந்த ராமலிங்க அடிகள் இளவயதில் இங்கே நடந்தே வந்து போவாராம். போக வர பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. ஒரு ராத்திரி நேரமாகிவிட, கதவைத் தட்டி அண்ணியை எழுப்ப மனமில்லாமல் பசியோடு திண்ணையிலேயே படுத்துவிட்டார். இந்தக் கோயிலின் வடிவுடையம்மனே அண்ணி உருவத்தில் வந்து சோறு போட்டாள் என்பது கதை. பக்தியைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும், அவ்வளவு தூரம் நடந்தவனுக்கு அந்த நேரத்தில் யார் சோறு போட்டாலும் அம்மன் மாதிரிதான் தெரிந்திருக்கும் என்று நான் சொன்னேன். மாமா முறைத்தார். கோயில் வாசலில் பேசக்கூடாத பேச்சாம்.

இங்கிருந்துதான் மூடுபனி ஆரம்பித்தது. கடலோரத்தில் அது அவ்வளவாக இறங்காது. ஜனவரியில்கூட கடல் தண்ணீர் 25 டிகிரிக்குக் குறைவதில்லை. அதன் பக்கத்தில் காற்று குளிர்வது சிரமம். நிலத்தின் கதை வேறு. பருவமழை போய் மேகம் விலகிவிட்டால், ராத்திரியில் நிலம் பகல் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். அதை ஒட்டியிருக்கும் காற்று குளிர்ந்து, ஈரம் பொடித்துளிகளாக நிற்கும். மழையில் ஊறிய சதுப்பு இருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் சாலையை விட்டு உள்ளே, எர்ணாவூர்ப் பக்கம் பக்கிங்காம் கால்வாயை ஒட்டி நடந்தோம். பத்தடி தள்ளிப் போகிற மாமாவின் குல்லா மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கோரைப்புல் நுனியில் சொட்டுச் சொட்டாக நின்றது. எங்கோ ரொம்பப் பக்கத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி ஹாரன் அடித்துப் போனது; வண்டி தெரியவில்லை.

அந்தக் கால்வாயை இப்போது பார்க்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சாக்கடை என்பார்கள். 1806-ல் காக்ரேன் என்ற வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டினார். பிறகு வடக்கேயும் தெற்கேயும் நீண்டது. 1870-களின் பெரும்பஞ்சத்தில் கூலிக்குச் சோறு என்று வந்தவர்களை வைத்து நகரத்துக்கு நடுவில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டி, அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். சவுக்கு விறகும் உப்பும் படகில் இதன் வழியாகத்தான் சென்னைக்கு வந்து சேர்ந்தன. எங்கள் பாட்டி வீட்டு அடுப்புக்கு விறகு வந்த பாதை. மூடுபனியில் தண்ணீரின் நிறம் தெரியவில்லை. வாசனை தெரிந்தது, ஆனால் குளிரில் கொஞ்சம் அடங்கித்தான் இருந்தது.

எனக்கு இந்த நேரம்தான் பிடிக்கும். எண்ணூர் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் தோட்ட வீடு கட்டி ஓய்வெடுக்க வந்த இடம் என்று படிக்கும்போது நம்பவே முடியாது. பனி மூடிக் கிடக்கும்போது நம்பலாம். தொட்டிகள் இல்லை, உயரழுத்தக் கோபுரங்கள் இல்லை, புகைபோக்கி இல்லை. தண்ணீரும் கோரையும் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கும் மட்டும். மாமாவிடம் இதைச் சொன்னேன்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. "உனக்கு நாங்க வேல செஞ்ச இடம்லாம் மறைஞ்சாத்தான் ஊரு அழகா இருக்கு, இல்ல?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கால் மணி நேரம் பேசவும் இல்லை. அவர் பேசாததற்கு நியாயம் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரில் ஒரு நகரே இருக்கிறது, விம்கோ நகர். இப்போது மெட்ரோவும் அதுவரை வருகிறது. லாரி, புல்லட், உரம் எல்லாம் இங்கே செய்ததுதான். ஷிப்ட் சங்கு ஊதுவதை வைத்து வீட்டில் உலை வைத்த தலைமுறை அது. அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் அம்மாவுக்குக் கல்யாணம் நடந்தது.

கத்திவாக்கம் தாண்டித்தான் மறுபடி பேசினார். சூரியன் ஏறிவிட்டது, ஆனால் பால் ஊற்றிய மாதிரி வெளிச்சம் மட்டும். பனிக்கு மேலே வடக்கே புகைபோக்கிகளின் தலை மட்டும் தெரிந்தது. அதைக் காட்டி, "புகையைப் பாரு, ஏறுதா?" என்று கேட்டார்.

ஏறவில்லை. வாயிலிருந்து வந்த புகை கொஞ்ச தூரம் மேலே போய், பிறகு யாரோ மேலே பலகை வைத்து அமுக்கியது போல, தட்டையாகக் கடல் பக்கம் நீண்டு கிடந்தது. கலையவே இல்லை.

"கீழ குளிரு, மேல சூடு. அதான் படுத்துக்கிச்சு" என்றார். பாய்லர் வேலையில் முதல் மேஸ்திரி சொல்லிக் கொடுத்ததாம். வழக்கமாக மேலே போகப் போகக் காற்று குளிர வேண்டும். குளிர்கால ராத்திரியில் தரையை ஒட்டிய காற்று முதலில் குளிர்ந்துவிடுவதால் கணக்கு தலைகீழாகிறது. கனமான குளிர்காற்று கீழேயே கிடக்கும். மேலே இருக்கும் சூடான அடுக்கு மூடி மாதிரி. உயரமான புகைபோக்கி விடுவது மூடிக்கு மேலேயோ அதற்குள்ளேயோ படுத்துக் கிடக்கும், கீழே இறங்காது. தாழ்வாக வெளியேறுவது, லாரிப் புகை, குப்பை எரிக்கிற புகை எல்லாம் மூடிக்குக் கீழே நம்மோடு இருக்கும். போகியன்று டயர் கொளுத்தினால் ஊரே ஏன் மூச்சுத் திணறுகிறது, விமானங்கள் ஏன் இறங்க முடியாமல் திரும்புகின்றன என்பதற்கு இதுதான் காரணம்.

"இப்ப வெயில் ஏறட்டும் பாரு, ஒரு வாசன வரும்" என்றார்.

எட்டேகால் சுமாருக்கு வெயில் சுள்ளென்று முதுகில் பட்டது. தரை சூடானதும் கீழேயிருந்து காற்று கலங்க ஆரம்பிக்கும். அந்தக் கலக்கம் உயர்ந்துகொண்டே போய் மேலே படுத்திருக்கும் புகையைத் தொட்டதும், ராத்திரி முழுக்கச் சேர்ந்ததெல்லாம் ஒரேயடியாகத் தரைக்கு இறங்கும். முதலில் மேற்கே மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து வழக்கமான நெடி, எரிவாயு அடுப்பைத் திறந்துவிட்டு மறந்தது போல. அப்புறம் கந்தகம், தொண்டையில் லேசாக உறுத்தியது. பத்து நிமிடத்தில் பனி கிழிந்து கிழிந்து விலகி, கோபுரம், தொட்டி, கம்பி, கொட்டகை என்று ஒவ்வொன்றாக வந்து அதனதன் இடத்தில் நின்றன. மாமா குல்லாவைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். குளிர்காலம் முடிந்தது.

முகத்துவாரத்தை அடைந்தபோது நல்ல வெயில். கொசஸ்தலை ஆறு பூண்டி ஏரியைத் தாண்டி வந்து இங்கேதான் கடலில் சேருகிறது. கால்வாயும் இதில்தான் கலக்கிறது. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் விரலை வைத்து இழுத்தேன், கறுப்பாக வந்தது. சாம்பலா என்று மாமாவிடம் காட்டினேன். அவர் என் விரலிலிருந்து கொஞ்சம் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார்.

"இது கரி. நரநரன்னு இருக்கு பாரு. சாம்பல் பவுடர் மாரி மெத்துனு இருக்கும், நெறமும் வெளுப்பா இருக்கும்."

சாம்பலைப் பார்க்க வேண்டுமானால் ஆற்றுக்குள் போக வேண்டும். அந்தப் பக்கம் அத்திப்பட்டில் இருக்கும் வடசென்னை அனல் மின்நிலையம் 1994-லிருந்து ஓடுகிறது. முதல் இரண்டு கட்டங்களும் சேர்த்து 1,830 மெகாவாட். எரித்த நிலக்கரியின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் ஆற்றைக் கடந்து போகின்றன. அவை ஒழுகி ஒழுகி ஆற்றின் அடியில் சாம்பல் படிந்து, ஆழம் குறைந்து, படகு தட்டுகிறது என்று மீனவர்கள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கோடையில் குளம் காய்ந்து காற்றடித்தால் செப்பாக்கத்து வீடுகளுக்குள் வெள்ளையாகப் படியும். பின்லாந்து வீடியோவில் இருந்த வெள்ளைக்குக் கொஞ்சமும் குறையாது. தட்டில் சோற்றின் மேல் விழும் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இங்கே மறுபடி எங்களுக்குள் வாக்குவாதம். "அது இல்லன்னா உன் வீட்டு ஃபேன் எப்படி ஓடும்?" என்றார் மாமா. ஃபேன் ஓட வேண்டும்தான். அதற்காகக் குழாய் ஒழுக வேண்டும் என்று இல்லையே, பாய்லர் குழாய் இப்படி ஒழுகினால் நீங்கள் விட்டிருப்பீர்களா என்று கேட்டேன். அது அவருக்குச் சுருக்கென்று பட்டது. "ஒரு ஷிப்ட்டு விட மாட்டோம். வெல்டரை எழுப்பிக் கூட்டினு வருவோம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதுக்கு ஆளு இல்லாமலா இருக்கும்?" என்று தனக்குள் கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

பாலத்துக்குக் கீழே இடுப்பளவுத் தண்ணீரில் நாலைந்து பேர் குனிந்து இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, பிடித்ததை வாயில் கவ்வியிருக்கும் ஓலைப் பறிக்குள் போடுவார்கள். குளிர்கிறதா என்று மேலேயிருந்து மாமா கத்திக் கேட்டார். வாயில் பறி இருந்ததால் ஒருவர் தலையை மட்டும் ஆட்டினார். ஆமா என்றா இல்லை என்றா, தெரியவில்லை.

கரையேறி வந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கி வந்து இந்தக் கழிமுகம் முழுக்கப் படர்ந்ததே, அதற்குப் பிறகு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அலையாத்தி மரங்களைக் காட்டினார். தண்ணீர் நின்ற மட்டம் வரை மரமெல்லாம் கறுத்துப் போயிருந்ததாம். "வாளியும் மக்கும் வச்சி மொண்டோம்பா. கையிலேர்ந்து போவவே ஒரு மாசம் ஆச்சி. மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சாதான் போவும்." அதே மாதம் 26-ம் தேதி நடுராத்திரி பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கண் எரிய எரியத் தெருவில் ஓடினார்கள். 2004-ல் சுனாமி வந்ததும் அதே தேதிதான். அந்த ராத்திரியில் காற்று அசையாமல் குளிர்ந்து கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாமா கணக்குப் போட ஆரம்பித்தார். நான் பேச்சை மாற்றினேன்.

இறால் என்ன விலை என்று கேட்டார். அந்த அம்மா சொன்ன விலையைக் கேட்டு, காசிமேட்டிலேயே குறைவு என்றார். "காசிமேட்டுது ஐஸ்ல கெடந்தது நைனா, இது இன்னும் துள்ளுது பாரு" என்று பறியைச் சாய்த்துக் காட்டினார். துள்ளியது. மாமா ஐம்பது ரூபாய் குறைத்துக் கேட்டு, இருபது குறைந்ததும் வாங்கிவிட்டார். பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே ஈரக் கோரை கொஞ்சம் வைத்துக் கட்டிக் கொடுத்தார் அந்த அம்மா.

எண்ணூர் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோதான். அதற்கு மேல் என் கால் ஒத்துக்கொள்ளவில்லை. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, டீயில் பொறையைத் தோய்த்துத் தின்றுகொண்டே, இதெல்லாம் ஒரு பனியே இல்லை என்றார் மாமா. மீஞ்சூர் தாண்டி பழவேற்காட்டு ரோட்டில் நடக்க வேண்டுமாம். இரண்டு பக்கமும் வயல், நடுவில் ஏரி. நீட்டின கை தெரியாதாம். பழவேற்காட்டில் பூநாரை வந்து இறங்கியிருக்கும். ராயபுரத்திலிருந்து முதல் வண்டியைப் பிடித்துப் போனால் மீஞ்சூரில் இறங்குவதற்குள் நேரமாகிவிடும், எட்டரைக்குள் பாதி தூரம்கூடப் போக முடியாது என்றேன். அப்படியானால் முந்தின நாள் ராத்திரியே போய்விடலாம் என்று சொல்லிவிட்டு, வண்டி வரும் சத்தத்தையும் பொருட்படுத்தாமல், மீஞ்சூரில் இருக்கும் தன் பழைய ஷிப்ட் கூட்டாளிக்குப் போன் போட்டு, "ரெண்டு பேருக்குத் திண்ண கிடைக்குமா, போர்வ நாங்களே எடுத்துனு வர்றோம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.